காலிக் கோட்டையின் பழைய வீடுகள்: விற்பதற்கு முன் நாம் அறிய வேண்டியவை

"காலிக் கோட்டைக்குள் பழைமை வாய்ந்த வீடு விற்பனைக்கு. ஹோட்டல் நடத்த உகந்தது." இந்த மாதிரியான விளம்பரங்களை இணையத்திலும் பத்திரிகைகளிலும் நாம் அடிக்கடி காண்கிறோம். காணியின் பேர்ச் கணக்கு, அறைகளின் எண்ணிக்கை, வீதியின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். நிறம் மங்கிய சுவரும், கண்ணாடி உடைந்த யன்னலும், ஓடு சரிந்த விறாந்தையும் கொண்ட ஒரு படமும் இருக்கும். அந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள், அது எப்படி அவர்களுடைய கைக்கு வந்தது, இப்போது ஏன் கைமாறப் போகிறது என்பதை மட்டும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

இவ்வீடுகளில் பல நம் சமூகத்தவர்களுடையவை. இன்று நாம் காணும் அவற்றின் தோற்றம் பெரும்பாலும் விக்டோரியா மகாராணியின் ஆட்சிக் காலத்தில், அதாவது 1837க்கும் 1901க்கும் இடையில் உருவானது. அவற்றில் பல முஸ்லிம்களின் கைக்கு வரத் தொடங்கியதும் அக்காலத்தின் பிற்பகுதியில்தான். இப்போது அவை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன. விற்பது தவறு என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. எதை விற்கிறோம், ஏன் விற்க நேர்கிறது, வேறு வழிகள் உண்டா என்பவற்றை அறிந்த பின்னர் அந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதே நோக்கம்.

கோட்டைக்கு முன்பே வந்தவர்கள்

காலிக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள தொடர்பு கோட்டைச் சுவர்களை விடப் பழைமையானது. உலகப் பயணி இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தபோது, பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டுத் தெவிநுவரை வழியாகக் காலிக்கு வந்தார். ஊரை அவர் 'காலி' என்றே குறிப்பிடுகிறார். அங்கே இப்றாஹீம் என்ற கப்பல் தலைவர் தன்னை உபசரித்ததையும் எழுதியுள்ளார். போர்த்துக்கேயர் இத்தீவைக் காண்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே காலியில் விருந்தாளியை உபசரிக்க ஒரு முஸ்லிம் வீடு இருந்திருக்கிறது.

இன்னொரு சான்று கல்லில் இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு திகதியிடப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் அதில் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெயரிலும் காணிக்கைகளைக் கூறுகின்றன. தென்னிலங்கைத் துறைமுகங்களில் முஸ்லிம்களின் இருப்பை அன்றைய உலகம் எப்படிக் கணக்கில் எடுத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. அக்கல்லை இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் காணலாம்.

போர்த்துக்கேயர் 1588இல் காலியில் கோட்டை அமைத்தனர். 1626இல் தம் ஆட்சிப் பிரதேசங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றவும் செய்தனர். 1640இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரே இன்று நாம் காணும் பெருஞ்சுவர்களையும் நேரான வீதிகளையும் அமைத்தவர்கள். வியாபாரப் போட்டி காரணமாக அவர்களும் சோனகர்மீது பல கட்டுப்பாடுகளை விதித்தனர். அந்நியர் என்று வகைப்படுத்தி ஊழியம் என்ற கட்டாய வேலையைச் சுமத்தினர். கொழும்பில் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடோ காணியோ வாங்குவதற்குத் தடை இருந்தது. அத்தடை பிரித்தானியர் காலத்தில் 1832இல்தான் நீங்கியது.

ஆயினும் காலிக் கோட்டையின் வீதிப் பெயர் ஒன்று நம் மக்களை மறக்கவில்லை. இன்றைய பெட்லர் வீதியின் ஒல்லாந்தப் பெயருக்குச் சோனக வியாபாரிகளின் தெரு என்பது பொருள். 'பெட்லர்' என்ற ஆங்கிலச் சொல்லும் சரக்கைச் சுமந்து சென்று விற்பவரையே குறிக்கும்.

கப்பல்கள் வந்த காலம், போன காலம்

1796இல் காலி பிரித்தானியர் வசமானது. 1840களில் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் ஊரின் நிலை மாறியது. ஐரோப்பாவுக்கும் கல்கத்தாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் நிலக்கரி ஏற்றவும் பயணிகளையும் தபாலையும் மாற்றவும் காலியில் தரித்தன. வெளிநாட்டுச் செய்திகள் முதலில் காலிக்கே வந்தன. தந்தி வசதி வருமுன், 1850 முதல் 1858 வரை, கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகை அச்செய்திகளைப் புறாக்களின் காலில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பியது.

கப்பலில் வந்த பயணிகளுக்குக் கோட்டைக்குள் தங்குமிடம் தேவைப்பட்டது. இன்று அமன்கல்ல என்று அறியப்படும் பழைய நியூ ஓரியண்டல் ஹோட்டல் 1860களில் உருவானது இப்படித்தான். அந்த விறாந்தைகளில் இரத்தினக்கல், ஆமையோட்டுப் பொருட்கள், றேந்தை ஆகியவற்றை விற்றவர்களில் காலிச் சோனகர் முன்னணியில் இருந்தனர். ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார் தமது இரத்தினக்கல் வணிகத்தை 1860இல் காலியில்தான் தொடங்கினார். அக்குடும்பம் பின்னாளில் நாட்டின் அரசியலிலும் இடம்பெற்றதை நாம் அறிவோம்.

பிரித்தானியர் கோட்டையின் முகத்தையும் மாற்றினர். ஓல் செயின்ட்ஸ் தேவாலயம் 1871இல் அர்ப்பணிக்கப்பட்டது. இன்று வாகனங்கள் நுழையும் பிரதான வாசல் 1873இல் சுவரை உடைத்து அமைக்கப்பட்டது. மணிக்கூட்டுக் கோபுரம் 1883இல் எழுந்தது. வசதியுள்ள வீட்டுக்காரர்கள் பழைய ஒல்லாந்த வீடுகளுக்கு மேல்மாடியும் புதிய விறாந்தையும் சேர்த்ததும் இக்காலத்தில்தான்.

ஆனால் வீழ்ச்சியும் அதே காலத்திலேயே வந்தது. காலித் துறைமுகத்தில் பாறைகள் அதிகம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கப்பல்களுக்குப் பாதுகாப்புக் குறைவு. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின் கப்பல்களின் தொகையும் அளவும் பெருகின. பெரிய, பாதுகாப்பான துறைமுகம் தேவைப்பட்டது. கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் வேலை முடிந்தது. கப்பல்கள் கொழும்புக்குச் சென்றன. கப்பல் முகவர்களும் உத்தியோகத்தர்களும் ஐரோப்பிய, பறங்கிக் குடும்பங்களும் அவற்றைத் தொடர்ந்து சென்றனர். 1894இல் ரயில் பாதை காலியை எட்டியபோது ஊரின் பொற்காலம் முடிந்திருந்தது.

கைவிடப்பட்ட வீடுகளைப் படிப்படியாக வாங்கி, அவற்றில் குடியேறி, கோட்டையை உயிருள்ள ஊராக வைத்திருந்தவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரி 1892இல் தொடங்கப்பட்டது. வெளிச்சவீட்டுக்கு எதிரே, தேவாலயம் போன்ற இரட்டைக் கோபுர முகப்புடன் நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலின் இன்றைய கட்டடம் 1904ஆம் ஆண்டுக்குரியது. துறைமுகம் சரிந்து, மற்றவர்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஊரில் நம் முன்னோர் மத்ரஸாவையும் பள்ளிவாசலையும் கட்டினார்கள். அவர்கள் அங்கே தங்கி வாழவே வந்தார்கள் என்பதற்கு இவ்விரண்டு கட்டடங்களே சாட்சி.

வீடு சொல்லும் வரலாறு

இப்படியான வீடொன்றின் வாசலில் நின்று கவனித்தால், இந்த வரலாறு முழுவதும் அதில் படிப்படியாகத் தெரியும்.

வீதியை நோக்கிய முகப்பு ஒடுக்கமாக இருக்கும். வீடு பின்னோக்கி நீளும். நடுவில் திறந்த முற்றம், பின்னால் கிணறும் குசினியும் இருக்கும். இந்த அமைப்பு ஒல்லாந்தர் காலத்தது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்ட தடித்த சுவர்களும் அக்காலத்தவை. வெயிலில் நடந்து வந்தவர் உள்ளே காலெடுத்து வைத்ததும் குளிர்ச்சியை உணர்வது அச்சுவர்களாலும் முற்றத்துக் காற்றாலும்தான்.

கூரை விளிம்பில் தொங்கும் செதுக்கு மரப்பலகை, கதவுக்கு மேலுள்ள வண்ணக் கண்ணாடி, இரும்புக் கிராதி, மரப்படியேறிப் போகும் மேல்மாடி ஆகியவை பெரும்பாலும் விக்டோரியா காலத்துச் சேர்க்கைகள். ஒல்லாந்த உடம்புக்கு ஆங்கிலேயர் காலம் போர்த்திய சட்டை என்று இதைச் சொல்லலாம்.

அதற்குப் பின்வந்த மாற்றங்கள் நம்முடையவை. ஆண் விருந்தினர் அமரும் முன்மண்டபம், பெண்களின் புழக்கத்துக்குரிய உள்முற்றம், வுழூச் செய்ய ஒதுக்கிய இடம், மகளுக்குக் கல்யாணம் பேசியதும் தடுத்துக் கட்டிய அறை. இவற்றை எந்தக் கட்டடக்கலை நூலும் பெரிதாகப் பேசுவதில்லை. வீடு கைமாறியதும் முதலில் அழிக்கப்படுபவையும் இவையே.

சுவர் ஏன் உரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் தன்மையுள்ளது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் அதனூடாக வந்து போகும். வசதிக்காக அதன்மேல் சீமெந்து பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். உப்பு உறைந்து பூச்சைத் தள்ளிவிடும். மீண்டும் சீமெந்து பூசினால் மீண்டும் உரியும். வீடு பழசாகிவிட்டது, இனி உதவாது என்று பலர் நினைப்பதற்கு இந்தத் தவறான திருத்தவேலையும் ஒரு காரணம். மலிவான சுண்ணாம்புதான் அதற்குரிய மருந்து.

வீடு மங்குவதன் உண்மைக் காரணம்

ஆனாலும் இவ்வீடுகள் சிதைவதற்குச் சுண்ணாம்பையும் சீமெந்தையும் விடப் பெரிய காரணம், பங்கு பிரிக்கப்படாமல் கிடக்கும் உரிமைதான். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம்.

கோட்டைக்குள் 16 பேர்ச் காணியில் ஒரு வீடு. உரிமையாளர் மனைவி, இரண்டு மகன்கள், மூன்று பெண் மக்களை விட்டு மரணிக்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஆக மகள் ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒன்றும், மகன் ஒவ்வொருவருக்கும் எட்டில் இரண்டும் கிடைக்கும். மகளின் பங்கு 2 பேர்ச். பங்கு பிரிக்காமலே காலம் ஓடுகிறது. பின்னர் ஒரு மகள் கணவரையும் இரண்டு ஆண், இரண்டு பெண் பிள்ளைகளையும் விட்டு மரணிக்கிறார். கணவருக்கு நான்கில் ஒன்று போக, மீதி ஆறு பங்காகும். அவருடைய மகள் ஒருவருக்குக் கிடைப்பது முழு வீட்டில் 64இல் ஒரு பங்கு. அதாவது கால் பேர்ச், ஏறத்தாழ 68 சதுர அடி. ஒரு சிறிய குசினியின் அளவு.

இரண்டாம் தலைமுறையிலேயே இந்த நிலை என்றால், நான்காம் தலைமுறையில் என்ன ஆகும்? உரித்தாளர்களில் ஒருவர் காலியில், ஒருவர் தெஹிவளையில், ஒருவர் கட்டாரில், இன்னொருவர் அவுஸ்திரேலியாவில் இருப்பார். கூரை ஒழுகினால் யார் செலவழிப்பது? 64இல் ஒரு பங்குக்காரர் ஏன் முழு ஓட்டையும் மாற்ற வேண்டும்? வீட்டில் குடியிருப்பவரோ, நாளை விற்கப்படப்போகும் வீட்டுக்குத் தன் பணத்தைப் போடத் தயங்குவார். இப்படித்தான் வீடு மங்குகிறது.

இதை ஷரீஅத்தின் குறையாகக் காட்டுவது பெரும் தவறு. விதவைக்கும் பெண் மக்களுக்கும் உரிமையை உறுதி செய்த சட்டம் அது. உயில் எழுதாமல் மரணிக்கும் முஸ்லிம்களின் சொத்துக்கு அதையே நம் நாட்டின் 1931ஆம் ஆண்டு 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது. குறை நம்முடைய வழக்கத்தில் இருக்கிறது. கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பின் பங்குகளைக் காலதாமதமின்றி உரியவர்களிடம் சேர்ப்பதே முறை. மையித்து வீட்டில் சொத்துப் பேச்சு எடுப்பது மரியாதையில்லை என்று நினைத்து, மூன்று தலைமுறைக்குப் பேசாமல் இருந்துவிடுகிறோம். அதற்குள் உறுதிகள் தொலைகின்றன; உறவுகள் முறிகின்றன.

விலை ஏறிய பின்

கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1994ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காலி மரபுரிமை மன்றம் உருவானது. 2000களின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டவர்களும் கொழும்பு முதலீட்டாளர்களும் இங்கு வீடுகளைத் தேடி வாங்கத் தொடங்கினர். 2004 டிசம்பர் 26 சுனாமி காலி நகரைச் சூறையாடியபோது கோட்டைச் சுவர்கள் உள்ளே இருந்தவர்களைப் பெருமளவு காத்தன. அதன் பின்னரும் விலை ஏறியதே தவிரக் குறையவில்லை.

64இல் ஒரு பங்குகூட அப்போது ஒரு பெருந்தொகையாகத் தெரிந்தது. விற்றவர்களைக் குறை கூற முடியாது. அந்தப் பணத்தில் பிள்ளைகள் படித்தார்கள், குமருக்குக் கல்யாணம் நடந்தது, வேறு ஊரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வீடு வந்தது. வாங்கியவர்களில் சிலர் இடிந்து விழவிருந்த வீடுகளை நல்ல முறையில் புனரமைத்தார்கள் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வீடு ஹோட்டலாக மாறும்போது மஹல்லாவிலிருந்து ஒரு குடும்பம் குறைகிறது. சுபஹு ஜமாஅத்தில் ஒரு ஸஃப் சுருங்குகிறது. குர்ஆன் மத்ரஸாவுக்குப் பிள்ளைகள் குறைகிறார்கள். நோன்பு காலத்தில் அடுத்த வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோக ஆளில்லை. அடுத்த வீட்டில் வாங்கவும் ஆளில்லை. பள்ளிவாசல் கட்டடம் அழகாக நிற்கும். சுற்றுலாப் பயணிகள் படமும் எடுப்பார்கள். அதைச் சுற்றி வாழும் மக்கள் இல்லையென்றால் அது மெல்ல மெல்லக் காட்சிப் பொருளாகிவிடும். இந்த ஆபத்து காலிக்கு மட்டும் உரியதல்ல. கொழும்பில் கொம்பனித் தெரு போன்ற இடங்களிலும் இதே கேள்வி நம் முன் நிற்கிறது.

செய்யக்கூடியவை

முதலாவது, விற்குமுன் குடும்பத்துக்குள் கேட்பது. கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் பங்கை விற்கும்போது மற்றப் பங்காளிக்கு முன்னுரிமை கொடுக்கும் ஷுஃப்ஆ என்ற ஏற்பாடு நம் மார்க்கத்தில் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் இது கூட்டுப் பங்காளிக்குரியது. ஹனபி மத்ஹப் அண்டை வீட்டாருக்கும் இதை விரிக்கிறது. வெளியாருக்கு விலை சொல்லுமுன் காக்காவிடமும் ராத்தாவிடமும் ஒரு வார்த்தை கேட்பது வெறும் மரியாதை அல்ல, மார்க்க ஒழுங்கு.

இரண்டாவது, பிரிக்கப்படாத பங்கின் ஆபத்தை அறிவது. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு கூட்டுரிமையாளர் மற்றவர்களின் சம்மதமின்றியே தன் பிரிக்கப்படாத பங்கை விற்கலாம். அதை வாங்கும் வெளியார், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். பிரிக்க முடியாத வீடு என்றால் நீதிமன்றம் முழுச் சொத்தையும் விற்க உத்தரவிடவும் கூடும். ஒரு சிறு பங்கு கைமாறுவதே முழு வீட்டையும் இழக்கும் வழியாகலாம். ஆகவே, உரித்தாளர்கள் ஒன்றுகூடி நொத்தாரிசு முன்னிலையில் ஓர் உடன்படிக்கைக்கு வருவது அவசரமான வேலை.

மூன்றாவது, குத்தகை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணியைச் சொந்தமாக விற்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது; ஆகக் கூடியது 99 வருடக் குத்தகைக்கு இடமுண்டு. 99 வருடம் என்பது நான்கு தலைமுறை. அது விற்பனைக்குச் சமம். மாறாக 10 அல்லது 15 வருடக் குத்தகைக்குக் கொடுத்தால், குத்தகைக்காரரே திருத்தவேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை போடலாம். வருமானம் பங்குப்படி அனைவருக்கும் போகும். வீடும் குடும்பத்திடம் திரும்பும்.

நான்காவது, வக்பு. பிள்ளைகளற்ற, அல்லது வசதி படைத்த உரிமையாளர்கள் வீட்டையோ ஒரு பகுதியையோ பள்ளிவாசலுக்கோ கல்விக்கோ வக்பு செய்யலாம். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதைப் பதிவு செய்வது முக்கியம். வாய்மொழி வக்புகள் காலப்போக்கில் வழக்குகளாக மாறியதை நம் ஊர்கள் அறியும்.

ஐந்தாவது, அனுமதி. கோட்டைக்குள் எந்த மாற்றத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவை. இதைத் தொல்லையாகவே பலர் பார்க்கிறார்கள். நெதர்லாந்து அரசின் நிதியுதவியுடன் முன்னர் இங்கு தனியார் வீடுகளும் புனரமைக்கப்பட்டன. அத்தகைய உதவி மீண்டும் வரும்போது கேட்டுப் பெற, ஆவணங்கள் ஒழுங்காக உள்ள குடும்பங்களால்தான் முடியும்.

இறுதியாக, இவற்றுக்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால், அது குடும்பத்தின் உரிமை. ஆனால் உறுதியில் கையெழுத்திடுமுன் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். பழைய உறுதிகளையும் நில அளவைப் படங்களையும் பிரதி எடுங்கள். ஒவ்வோர் அறையையும் படம் பிடியுங்கள். வீட்டில் பிறந்த மூத்தவர்களை உட்கார வைத்து, யார் வாங்கினார், யாரிடமிருந்து, எந்த ஆண்டு, எந்த அறையை யாருக்காகக் கட்டினார்கள் என்று கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் வரலாறு படிக்கும் ஒரு பிள்ளை இதைக் கைத்தொலைபேசி ஒன்றைக் கொண்டு இரண்டு வார இறுதிகளில் செய்து முடிக்கும். பாடசாலைகள் இதை ஒரு செயற்திட்டமாகவே கொடுக்கலாம். பிரதிகளில் ஒன்றைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒப்படைக்கலாம்.

இப்னு பதூதாவை உபசரித்த கப்பல் தலைவரின் வீடு எங்கே இருந்தது என்பது இன்று யாருக்கும் தெரியாது. அவர் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம், வந்த விருந்தாளி எழுதி வைத்ததுதான். நம் வீடுகளின் வரலாற்றையும் வருகிறவர்கள் எழுதட்டும் என்று விட்டுவிடாமல், வாழ்ந்தவர்களே எழுதி வைக்க அல்லாஹ் நமக்கு உதவி செய்வானாக.